விடுவிப்புக்குப் பிறகு வெளியே வரும் சொத்து

நெய்வேலி நகரியத்தில் ஒருவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்று செய்தி பரவினால், அடுத்த பேச்சு அவருக்கு ஜாமீன் போட்டவர்களைப் பற்றித்தான் இருக்கும். சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள், ஒரே வட்டத்தில் அடுத்தடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர்கள், ஒருவர் கடனுக்கு இன்னொருவர் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். "அண்ணே, சொசைட்டி லோன்தான், ஒரே ஒரு கையெழுத்து" என்று கூட வேலை செய்கிறவர் வந்து நின்றால் மறுப்பது கஷ்டம். நாளைக்கு நாமும் அவரிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அந்தக் கையெழுத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் விலை பலருக்கும் தெரிவதில்லை. 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புநிலைச் சட்டத்தின் 44-ஆம் பிரிவைப் படித்தால் தெரியும்: நீதிமன்றம் கடனாளியை விடுவித்துவிட்டாலும் ஜாமீன்தாரர் விடுபடுவதில்லை. கடன் வாங்கியவர் சுத்தமாக வெளியே வந்துவிடுவார். கையெழுத்துப் போட்டவரின் சம்பளச் சீட்டில் பிடித்தம் ஓடிக்கொண்டிருக்கும்.

உண்மையிலேயே நொடித்துப்போனவர் என்றால், மனசை ஆற்றிக்கொள்ளலாம். சொத்தை மறைத்து வைத்துக்கொண்டு விடுவிப்பு வாங்கியவர் என்று பின்னால் தெரியவந்தால்? அந்த விடுவிப்பை நீதிமன்றம் திரும்பப் பெற முடியுமா, பெறத்தான் வேண்டுமா என்பதை இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன்.

முதலில் எந்தச் சட்டம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 2016-இல் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு வந்ததோடு பழைய சட்டங்கள் போய்விட்டன என்று வழக்கறிஞர்களிலேயே சிலர் நினைக்கிறார்கள். போகவில்லை. தனிநபர்களுக்கான அதன் மூன்றாம் பகுதி, கம்பெனிகளின் கடனுக்குச் சொந்தப் பொறுப்பில் உத்தரவாதம் கொடுத்தவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்தது. பழைய சட்டங்களை ரத்து செய்யும் 243-ஆம் பிரிவு அறிவிக்கப்படாமலே கிடக்கிறது. ஆகவே சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கும் 1909-ஆம் ஆண்டுச் சட்டம். மற்ற ஊர்களுக்கு 1920-ஆம் ஆண்டுச் சட்டம். நெய்வேலிக்காரர் நொடிப்பு மனு (ஐ.பி.) போட்டால் அது இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ்தான் நடக்கும். 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்கிற அதன் தகுதிக் கணக்கைப் பார்த்தால் எந்தக் காலத்துச் சட்டம் என்பது விளங்கிவிடும்.

பழையது என்பதால் மட்டமானது என்று நினைத்துவிட வேண்டாம். எழுதியவர்கள் கடனாளியின் தந்திரங்களை நன்றாக அறிந்தவர்கள். விடுவிப்பு இதில் தானாக வராது. நொடிப்பாளி என்று அறிவிக்கப்பட்டவர், நீதிமன்றம் குறித்துக் கொடுத்த கெடுவுக்குள், தானே விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பிக்காவிட்டால் 43-ஆம் பிரிவின்படி அறிவிப்பே ரத்தாகும். விண்ணப்பித்தாலும் 42-ஆம் பிரிவு வாசலில் நிற்கும். பிணையில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா தேறும் அளவுக்காவது சொத்து இருக்கிறதா? இல்லையென்றால், தன் குற்றமில்லாத காரணத்தால் அப்படி ஆனது என்று காட்ட முடியுமா? மூன்றாண்டுக் கணக்குப் புத்தகம் உண்டா? திருப்பிக் கொடுக்க முடியாது என்று தெரிந்தே கடன் வாங்கினாரா? சூதாட்டம், ஊதாரித்தனம் உண்டா? சொத்தை மறைத்தாரா, அப்புறப்படுத்தினாரா? இதில் ஒன்று நிரூபணமானாலும் நிபந்தனையற்ற முழு விடுவிப்பு கிடையாது. மறுக்கலாம், தள்ளிப்போடலாம், வருங்கால வருமானத்தில் இவ்வளவு கட்ட வேண்டும் என்று நிபந்தனை போடலாம்.

ஆக, சோதனை முழுவதும் முன்வாசலில். உள்ளே விட்ட பிறகு என்ன என்பதில் சட்டம் சுருக்கமாகப் பேசுகிறது. மோசடியால் உண்டான கடன், மோசடியான நம்பிக்கைத் துரோகத்தால் உண்டான கடன், ஏமாற்றித் தவணை வாங்கிய கடன், அரசுக்குச் சேர வேண்டிய கடன், ஜீவனாம்சம் ஆகியவை விடுவிப்புக்குப் பிறகும் நிற்கும் என்று 44-ஆம் பிரிவு சொல்கிறது. சொத்தை மறைத்தது போன்ற குற்றங்களுக்காக, விடுவிப்பு வாங்கியிருந்தாலும் வழக்குத் தொடரலாம் என்று 71-ஆம் பிரிவு சொல்கிறது. விடுவிப்பு ஆணையையே திரும்பப் பெறலாம் என்று எங்கும் சொல்லவில்லை.

இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். நெய்வேலியை ஏன் எடுத்துக்கொள்கிறேன் என்றால், இங்கே ஒரு வினோதம் உண்டு. 1956-இல் சுரங்க நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து நகரியத்து வீடுகள் நிறுவனத்துடையவை. குவார்ட்டர்ஸில் வாழ்நாளெல்லாம் இருந்தவரும் ஓய்வு பெற்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். எனவே ஒருவருக்கு என்ன சொத்து இருக்கிறது என்பது அவர் குடியிருக்கும் வீட்டைப் பார்த்தால் தெரியாது. சொத்து வேறெங்கோ இருக்கும்: இந்திரா நகரில் ஒரு மனை, வடக்குத்தில் பாதி கட்டிய வீடு, சொந்த ஊரில் நிலம். பெயர் மனைவியுடையதாகவோ மைத்துனருடையதாகவோ இருக்கலாம். பெரும்பாலும் அதில் எந்தத் தப்பும் இருக்காது. மறைக்க நினைப்பவருக்கும் அதுவே வசதி.

நமது கற்பனைத் தொழிலாளிக்கு மாதச் சம்பளம் 60,000 ரூபாய். கடன் 24 லட்சம்: வங்கியில் 8, கூட்டுறவுச் சங்கத்தில் 6, வட்டிக்கு வாங்கியது 6, கூட வேலை செய்கிறவர்களிடம் கைமாற்று 4. பண்ருட்டிப் பக்கம் அவருக்கு முந்திரித் தோப்பு ஒன்று இருந்தது. இன்றைய விலை 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மனு போடுவதற்கு மூன்றாண்டுக்கு முன்பே அதை மைத்துனர் பெயருக்குக் கிரயம் எழுதிவிட்டார். பட்டா மாறியது, கொட்டை விற்ற காசு வந்து சேரும் இடம் மாறவில்லை. மனுவோடு கொடுத்த சொத்துப் பட்டியலில் பாத்திரம், கட்டில், ஒரு பழைய மோட்டார் சைக்கிள். மகளின் கல்யாணச் செலவு, அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவு என்று காரணம் சொன்னார். கடன் கொடுத்தவர்கள் வாய்தாவுக்கு வாய்தா அலைந்து ஓய்ந்தார்கள். ஆட்சேபணை இல்லை. விடுவிப்பு கிடைத்தது.

இரண்டாண்டு கழித்து மைத்துனர் அதே தோப்பைத் தன் அக்காவுக்கு, அதாவது நம்மவரின் மனைவிக்கு, தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுக்கிறார். ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறார். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு பதிவுகள்: போன வழியும் வந்த வழியும்.

இவர் இனி என்ன செய்ய முடியும்?

முதல் வழி 44-ஆம் பிரிவு. அது இவருக்கு உதவாது. கடன் வாங்கிய நாளில் மோசடி இருந்திருந்தால்தான் அந்தக் கடன் பிழைக்கும். இங்கே வாங்கியபோது எல்லாம் யோக்கியமாகத்தான் இருந்தது; மோசடி பிற்பாடு, மனு போட்டபோது நடந்தது. வாங்குவதில் ஏமாற்றியவரைச் சட்டம் பிடித்துக்கொள்கிறது, விடுபடுவதில் ஏமாற்றியவரை விட்டுவிடுகிறது. 44-ஆம் பிரிவின் உண்மையான குறை இதுதான் என்பது என் கருத்து.

இரண்டாவது, குற்ற வழக்கு. 69-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை உண்டு. நொடிப்பு நீதிமன்றமே விசாரித்துப் பார்த்து, முகாந்திரம் இருந்தால் குற்றவியல் நடுவருக்குப் புகார் அனுப்ப வேண்டும். இந்த அளவு தண்டனைக்குரிய குற்றத்துக்கு, தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற காலவரம்பும் உண்டு. நடந்தே தீர்ந்தாலும் ஜாமீன்தாரருக்கு ஒரு பைசா திரும்பாது.

மூன்றாவது வழிதான் சுவாரசியமானது. பலர் இதைக் கவனிப்பதில்லை. நொடிப்பாளி என்று அறிவித்த உடனே அவருடைய சொத்தெல்லாம் நீதிமன்றத்துக்கோ ரிசீவருக்கோ போய்விடுகிறது. அதுவும் மனு கொடுத்த தேதியிலிருந்தே போனதாகக் கணக்கு. விடுவிப்பு கடனை நீக்குமே தவிர, ரிசீவரிடம் போன சொத்தைத் திருப்பித் தராது. இரண்டாண்டுக்குள் செய்த கைமாற்றங்களைத்தான் 53-ஆம் பிரிவு தொடும் என்பது உண்மை. நம்மவர் மூன்றாண்டு முன்பே சாமர்த்தியமாகச் செய்துவிட்டார். ஆனால் கிரயமே வெறும் நாடகம், தோப்பு அவர் கையைவிட்டுப் போகவே இல்லை என்று காட்ட முடிந்தால், அந்த இரண்டாண்டுக் கெடு குறுக்கே வராது. சொத்துரிமைக் கேள்விகளைத் தீர்க்க நொடிப்பு நீதிமன்றத்துக்கு 4-ஆம் பிரிவில் அதிகாரம் இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் 1988-ஆம் ஆண்டின் பினாமி தடைச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வருவார். ரிசீவர் கட்டை மறுபடி பிரிக்க யார் செலவு கட்டுவது என்ற கேள்வியும் எழும். இருந்தாலும் வழி இருக்கிறது.

விடுவிப்பைத் திரும்பப் பெறக் கூடாது என்பவர்களின் பலமான வாதம் இதிலிருந்துதான் கிளம்புகிறது. மறைத்த சொத்தே கைக்கு வந்துவிடும்போது விடுவிப்பை எதற்காகக் கலைக்க வேண்டும்? தோப்பை விற்றுப் பங்கு போட்டுக்கொள்ளலாமே?

கணக்கை முடித்துப் பார்த்தால் இந்த வாதம் எங்கே உடைகிறது என்பது தெரிகிறது. நம்மவர் முதல் நாளே தோப்பைக் காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 24 லட்சத்துக்கு 20 லட்சம். எட்டணா விதியைச் சுலபமாகத் தாண்டியிருப்பார். கடன்காரர்களுக்கு ரூபாய்க்கு 83 பைசா போயிருக்கும்; மீதி 4 லட்சம் தள்ளுபடி ஆகியிருக்கும். இப்போது மறைத்து, மாட்டிக்கொண்டு, தோப்பு பிடுங்கப்பட்ட பிறகும் அதே 83 பைசா, அதே 4 லட்சம் தள்ளுபடி. யோக்கியன் நிற்கும் இடத்தில்தான் அயோக்கியனும் வந்து நிற்கிறான். மாட்டாமல் இருந்திருந்தால் 20 லட்சம் லாபம். மாட்டினால் நஷ்டம் பூஜ்யம். இப்படிப்பட்ட பந்தயத்தில் பொய் சொல்லாதவர்தான் ஏமாளி.

விடுவிப்பைத் திரும்பப் பெறுவதன் பயன் அந்த 4 லட்சத்தில் இருக்கிறது. அது மீண்டும் உயிர்பெற்றால் எதிர்காலச் சம்பளத்தைத் தொடும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் சம்பளத்தின் முதல் ஆயிரம் ரூபாயும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்திக்கு அப்பாற்பட்டவை. 60,000-இல் மாதம் 19,666 ரூபாய் வரை ஜப்தி செய்யலாம். ஒரே தீர்ப்பாணைக்காக 24 மாதம்தான் பிடிக்கலாம். மொத்தம் 4 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. நம் கணக்கில் மிச்சக் கடனும் கொஞ்சம் செலவும் அதில் அடைந்துவிடும். குடும்பம் பட்டினி கிடக்காது. பொய்க்கும் ஒரு விலை விழும்.

இதற்கு ஒரு காலக்கெடு இருப்பதையும் பார்க்க வேண்டும். ஓய்வு பெற்றுவிட்டால் கதை முடிந்தது. வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் அந்தந்தச் சட்டங்களே ஜப்தியிலிருந்து காப்பாற்றுகின்றன. ஓய்வூதியமும் பணிக்கொடையும் வங்கி டெபாசிட்டாக மாறிய பிறகும் அந்தப் பாதுகாப்பை இழப்பதில்லை என்று ராதேஷ்யாம் குப்தா வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்னது சரிதான். ஆனால் அதன் விளைவு, நெய்வேலி போன்ற சம்பள ஊரில் திரும்பப் பெறும் அதிகாரம் பயன்பட வேண்டுமானால் சீக்கிரம் பயன்பட வேண்டும் என்பது.

அப்படி ஓர் அதிகாரம் இந்தியச் சட்டத்துக்கே அந்நியமா என்றால், இல்லை. சென்னைக்குப் போனால் இருக்கிறது. 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, விடுவிக்கப்பட்டவரும் தன் சொத்தைத் திரட்டிப் பங்கிடுவதில், அங்கே ரிசீவரின் இடத்தில் இருக்கும் அபிஷியல் அசைனிக்கு உதவ வேண்டும் என்கிறது. உதவாவிட்டால் அது நீதிமன்ற அவமதிப்பு. அதோடு விடுவிப்பையும் நீதிமன்றம் ரத்து செய்யலாம். இடைப்பட்ட காலத்தில் முறையாக நடந்த விற்பனைகளும் கொடுக்கல் வாங்கல்களும் பாதிக்கப்படாது என்ற காப்பும் அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, நொடிப்பு அதிகாரத்தில் போட்ட எந்த ஆணையையும் மறுபரிசீலனை செய்யவோ மாற்றவோ நீக்கவோ இடம் கொடுக்கிறது.

சென்னை நகர வியாபாரிகளுக்கு இந்தப் பல் ஏன் முளைத்தது, மாகாணச் சட்டத்துக்கு ஏன் முளைக்கவில்லை? 1906 அக்டோபர் 22-இல் அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி கதவைச் சாத்தி நொடிப்பு மனு கொடுத்தபோது சென்னையே ஆடிப்போனது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டு இந்தியன் வங்கி பிறந்ததற்கும் அதுவே தூண்டுதல். மூன்றாண்டில் வந்த சட்டத்துக்கும் அந்த வீழ்ச்சிக்கும் நேரடி முடிச்சுப் போட நான் தயாரில்லை. 43-ஆம் பிரிவு அப்படியே அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தின் வார்ப்பு. பதினோரு ஆண்டு கழித்து மாகாணங்களுக்கு எழுதும்போது அதை விட்டுவிட்டார்கள். ஜில்லாக்களில் 500 ரூபாய் கடனாளிக்கு இவ்வளவு ஏற்பாடு எதற்கு என்று தோன்றியிருக்கலாம். இன்று அதற்கு நியாயம் இல்லை. பாரிமுனையில் கடை வைத்திருப்பவர் மறைத்தால் ஒரு சட்டம், மந்தாரக்குப்பத்தில் வைத்திருப்பவர் மறைத்தால் வேறு சட்டம் என்பதை எந்தக் கொள்கையைக் கொண்டும் தாங்கிப்பிடிக்க முடியாது.

சட்டத்தில் இல்லாவிட்டால் என்ன, நீதிமன்றத்தை ஏமாற்றி வாங்கிய ஆணை செல்லாது என்பது பொதுவிதிதானே என்று கேட்பார்கள். அந்த விதியை இந்தியா முழுவதும் மேற்கோள் காட்டுவது தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தான்: எஸ்.பி. செங்கல்வராய நாயுடு எதிர் ஜெகந்நாத், 1993 அக்டோபர் 27. கடன் கொடுத்த சவுகாரின் குமாஸ்தா, முதலாளிக்காக நீதிமன்ற ஏலத்தில் சொத்தை எடுத்தார். பிறகு முதலாளிக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். அந்தப் பத்திரத்தை மறைத்துவிட்டுத் தனக்கே பாத்தியம் என்று பாகப்பிரிவினை வழக்குப் போட்டு முதல்நிலைத் தீர்ப்பும் வாங்கினார். உண்மை முழுவதையும் சொல்லும் கடமை வாதிக்கு இல்லை என்று உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாக நிராகரித்தது: நீதிமன்றத்திடம் ஆவணத்தை மறைத்து வாங்கிய தீர்ப்பு வெறுமையானது, அதை எந்த நீதிமன்றத்திலும் எந்த நேரத்திலும் கேள்வி கேட்கலாம்.

நமது ஜாமீன்தாரருக்கு இது நல்ல ஆயுதம்தான். சொத்துப் பட்டியலில் தோப்பை மறைத்ததும் அந்தப் பத்திரத்தை மறைத்ததும் ஒரே ஜாதிக் காரியம். ஆனாலும் இதையே முழு மருந்தாக நம்ப எனக்குத் தயக்கம் இருக்கிறது. எந்த நேரத்திலும் என்பதில் கத்தி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. விடுவிப்பின் பயனே, கடன்பட்டவர் மறுபடி எழுந்து நிற்கலாம் என்ற நிச்சயம்தான். பதினைந்து வருஷம் கழித்து எவரும் வந்து தட்டலாம் என்றால் அந்த நிச்சயம் போய்விடுகிறது. தவறிப்போன ஒரு பழைய சேமிப்புக் கணக்கும் திட்டமிட்டு ஒளித்த தோப்பும் ஒன்றா என்பதற்கும் இந்த விதி அளவுகோல் தருவதில்லை. ரத்தானால் இடையில் நடந்தவை என்ன ஆகும் என்பதற்கும் விடை இல்லை. 1909-ஆம் ஆண்டுக்காரர்கள் ஒரே வாக்கியத்தில் தீர்த்துவைத்ததை இங்கே வழக்குக்கு வழக்கு தீர்க்க வேண்டியிருக்கும்.

கடனாளி பக்கமும் கேட்டாக வேண்டும். இங்கே கடன் கொடுப்பவர்கள் எல்லாரும் பாதிக்கப்பட்ட அப்பாவிகள் அல்ல. தொகை எழுதாத புரோநோட்டு, கையெழுத்து மட்டும் போட்ட செக், வைத்துக்கொண்ட ஏ.டி.எம். கார்டு இவையெல்லாம் சம்பள ஊர்களில் வட்டிக்காரர்களின் வழக்கமான பிடி. 2003-இல் கந்துவட்டித் தடைச் சட்டம் கொண்டுவர வேண்டிய நிலை தமிழ்நாட்டில் சும்மா வந்துவிடவில்லை. ரத்து அதிகாரம் அப்படிப்பட்டவர் கையில் புதிய மிரட்டலாக மாறும்: "உன் விடுவிப்பையே கலைத்துவிடுவேன்." 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர், கொடுக்க இயலாதவரையும் கொடுக்க மறுக்கும் தந்திரக்காரரையும் ஒரே தராசில் போட்டுச் சிறைக்கு அனுப்பக் கூடாது என்று நிலைநாட்டினார். அந்தப் பிரிகோடு இங்கேயும் அழியக் கூடாது.

1920-ஆம் ஆண்டுச் சட்டம் கடன் கொடுத்தவரின் பொய்யைப் பின்னாலும் திருத்த இடம் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கலாம். பட்டியலில் தவறாகச் சேர்ந்த கடனை நீக்கவோ குறைக்கவோ 50-ஆம் பிரிவில் வழி உண்டு. கடன் பட்டியல் பொய்யானால் திருத்தலாம். சொத்துப் பட்டியல் பொய்யானால் அதன்மேல் நின்ற விடுவிப்பைத் திருத்த வழி எழுதப்படவில்லை. இந்தச் சமனின்மையைக் கடனாளியின் நண்பரும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

புதிய சட்டத்தொகுப்பு வந்தால் எல்லாம் சரியாகுமா? இன்னும் மோசமாகும் என்பது என் மதிப்பீடு. அதன் 138-ஆம் பிரிவில், திவால் தொடங்கி ஓராண்டு முடிந்ததும் அறங்காவலர் விடுவிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். தீர்ப்பாயம் ஆணை பிறப்பிக்க வேண்டும். எட்டணாக் கேள்வி இல்லை, ஊதாரித்தனம் பற்றிய கேள்வி இல்லை, நடத்தையைத் துருவும் 42-ஆம் பிரிவு போன்ற வாசல்காவல் இல்லை. மோசடியாலும் நம்பிக்கைத் துரோகத்தாலும் வந்த கடனும் விலக்கப்பட்ட கடன்களும் மட்டும் 139-இல் பிழைக்கின்றன. பழைய 44-இன் அதே குறை. 142-ஆம் பிரிவு திவால் ஆணையைத் திரும்பப் பெறலாம் என்கிறது, விடுவிப்புக்குப் பிறகும்கூட. ஆனால் ஆணையில் வெளிப்படையான பிழை இருந்தாலோ, கடனும் செலவும் கட்டப்பட்டாலோ, அதற்குப் பிணை கொடுக்கப்பட்டாலோ மட்டும்தான். மறைப்பு அதில் ஒரு காரணமாகவே இல்லை. 186-ஆம் பிரிவில் தண்டனைகள் உண்டு: தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் அரசுக்குப் போகும். கம்பெனி வழக்குகளில் ஆணையைத் திரும்பப் பெறும் உள்ளார்ந்த அதிகாரம் தீர்ப்பாயங்களுக்கு உண்டு என்று 2023-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் ஐவர் அமர்வு சொன்னது ஓரளவு ஆறுதல். எழுதிய பிரிவுக்கு அது ஈடாகாது.

பழைய சட்டம் மெதுவாக விடுவித்தது. அதனால் பின்வாசல் பூட்டு இல்லாததைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். புதியது ஓராண்டில் விடுவிக்கிறது, பின்வாசலுக்கும் பூட்டு இல்லை. வேகமான விடுவிப்பை நாம் கடன் வாங்கிய நாடுகள் அப்படிச் செய்யவில்லை. அமெரிக்கத் திவால் சட்டத்தின் 727-ஆம் பிரிவு, மோசடியால் பெற்ற விடுவிப்பை ரத்து செய்ய ஓராண்டு கொடுக்கிறது. கேட்பவர் விடுவிப்புக்கு முன் அந்த மோசடியை அறிந்திருக்கக் கூடாது. சொத்தை மறைத்த வழக்கானால் ஓராண்டு அல்லது வழக்குக் கட்டு மூடப்படும் நாள், இதில் எது பிந்தியதோ அதுவரை. இங்கிலாந்து 2004 ஏப்ரல் முதல் ஓராண்டில் தானாக விடுவிக்கிறது; ஒத்துழைக்காதவருக்கு அந்த ஓராண்டின் ஓட்டத்தையே நீதிமன்றம் நிறுத்திவைக்கலாம், தவறு செய்தவர்மேல் 2 முதல் 15 ஆண்டு வரை கட்டுப்பாடு விதிக்கலாம். நாம் வேகத்தை எடுத்துக்கொண்டு கட்டுப்பாட்டை விட்டுவிட்டோம்.

அமெரிக்காவின் அறியாமை நிபந்தனை நெய்வேலிக்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். ஒரே வட்டத்தில் இருப்பவர்களுக்கு யார் எங்கே மனை வாங்கினார், எந்தத் தோப்பு யாருடையது என்பதெல்லாம் ஓரளவு தெரிந்திருக்கும். தெரிந்தும் விசாரணையில் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, பேரம் படியாதபோது ரத்து கேட்டு வருகிறவருக்கு இடம் கொடுக்கக் கூடாது. ஓராண்டு என்பது மட்டும் நமக்குக் குறைவு. நம் நீதிமன்றங்களின் வேகத்தில், நகல் வாங்குவதற்குள் அது ஓடிவிடும்.

என் தீர்ப்பு இது. மறைத்து வாங்கிய விடுவிப்பைத் திரும்பப் பெறும் அதிகாரம் வேண்டும். நீதிமன்றத்தின் பொது அதிகாரத்தில் தேடி எடுக்கும்படியாக இல்லாமல் சட்டத்திலேயே எழுதப்பட்டதாக வேண்டும். மறைப்பு வேண்டுமென்றே செய்ததாகவும் கணிசமானதாகவும் இருக்க வேண்டும். மறதிக்கும் சில்லறைக்கும் சொத்தை எடுத்துக்கொள்வதோடு நிறுத்திவிடலாம். நிரூபிக்கும் சுமை கேட்பவர்மேல். தெரியவந்து ஓராண்டு, எப்படியும் விடுவிப்பிலிருந்து ஐந்தாண்டுக்கு மேல் போகக் கூடாது. ரத்தானால் உயிர்பெறுவது முன்பு நிரூபித்துப் பட்டியலில் ஏறிய கடன் மட்டுமே. வட்டிக்காரர் புதிதாக நிரப்பிய புரோநோட்டு உள்ளே வரக் கூடாது. இடையில் நேர்மையாக வாங்கியவர்களின் உரிமை 1909-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ளதுபோல நிற்க வேண்டும். ஜாமீன்தாரர் தன் கையிலிருந்து கட்டியதை முதலில் திரும்பப் பெற வேண்டும் என்றும் சேர்ப்பேன். மறைத்தவருக்காக அதிகம் இழந்தவர் அவர்தான்.

தனிநபர்களுக்கான மூன்றாம் பகுதியை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று அவ்வப்போது குரல் எழுகிறது. திறக்கட்டும், 500 ரூபாய்ச் சட்டத்தில் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது? ஆனால் 139-ஆம் பிரிவுக்கும் 142-ஆம் பிரிவுக்கும் நடுவே இந்த ஒரு பிரிவை எழுதிச் சேர்க்காமல் திறக்க வேண்டாம். அதுவரை நெய்வேலியில் ஜாமீன் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மஞ்சள் கடுதாசி கைக்கு வந்ததும் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடாமல், கடனாளி, மனைவி, மைத்துனர் ஆகியோர் பெயரில் உள்ள சர்வே எண்களுக்குப் பத்தாண்டு வில்லங்கச் சான்று எடுத்து, விடுவிப்பு விசாரணைக்கு முன்பே ஆட்சேபணையாகத் தாக்கல் செய்துவிடுங்கள். 42-ஆம் பிரிவின் வாசல் அப்போது இன்னும் திறந்திருக்கும்.